செலவை எதிர்க்கட்சி பார்த்துக்கும்னா அந்த கேஸ் வேணாம் தங்கச்சி

கொருக்குப்பேட்டையிலேருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கா. வக்கீலா என்ரோல் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு, ஜார்ஜ் டவுன் கோர்ட்டுல ஒரு சீனியர்கிட்ட ஜூனியரா இருக்கா, அப்பா காசிமேட்டுல ஐஸ் உடைக்கிற வேலை. நாலு பக்கக் கடுதாசி, நான் சுருக்கித் தர்றேன்.

"மேடம், போன மாசம் எங்க தெருவுல ஒரு கட்சித் தலைவர் பிறந்தநாளுக்கு ரோட்டை முழுசா அடைச்சு மேடை போட்டாங்க. புதுசா போட்ட தார் ரோட்டைக் கடப்பாரையால நோண்டி சவுக்குக் கம்பு நட்டு ரெண்டு பக்கமும் பேனர், சீரியல் லைட்டுக்கு இபி லைன்லயே கொக்கி. அன்னைக்கு ராத்திரி பக்கத்து வீட்டு அக்காவுக்கு வலி எடுத்துடுச்சு, ஆட்டோ உள்ள வர முடியல, நானும் அம்மாவும் கைத்தாங்கலா தெருமுனை வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போய் ஸ்டான்லியில சேர்த்தோம். குழந்தை நல்லா இருக்கு. ஆனா அவங்க வழியில மூணு தடவை கீழ உட்கார்ந்தது என் கண்ணுலயே நிக்குது. ஹைகோர்ட்டுல பொதுநல வழக்கு (பிஐஎல்) போடப் போறேன். அந்தக் கட்சியோட பதிவையே ரத்து பண்ணச் சொல்லிக் கேட்கலாமா? எதிர்க்கட்சி வழக்கறிஞர் அணிக்காரர் ஒருத்தர் செலவு மொத்தமும் நான் பார்த்துக்கிறேன், பெரிய சீனியரை வெச்சுத் தர்றேன்னு சொல்றார், சரின்னு சொல்லலாமா? இன்னொண்ணு, அந்த மேடை போட்ட வட்டச் செயலாளர்தான் மிக்ஜாம் வெள்ளத்துல எங்க ஆயாவைத் தோள்ல தூக்கிட்டு வந்தவர். அவர் மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு அப்பா கேட்கிறார். பிராக்டிஸே போயிடும்னு சீனியர் சொல்றார். என்ன பண்ணட்டும்?"

எந்தக் கட்சின்னு நீ எழுதியிருக்க, நான் இங்க போடல தங்கச்சி. எந்தக் கட்சியா இருந்தாலும் என் பதில் இதேதான்.

முதல்ல அந்த அணிக்காரர் விஷயம். வேணாம். ஒரு ரூபா வேணாம், ஜெராக்ஸ் காசு கூட வேணாம், அவர் பிடிச்சுத் தர்ற சீனியரும் வேணாம். ஏன்னு சொல்றேன், இது நான் அனுபவிச்சது.

நான் பிராக்டிஸுக்கு வந்து ஆறாவது வருஷம். வியாசர்பாடி பக்கம் பசங்க கிரிக்கெட் ஆடுற ஒரு மைதானம், அதோட ஓரத்துல ஒரு கட்சிக்காரங்க தகரக் கூரை போட்டு மன்றம் நடத்திட்டு இருந்தாங்க. மொதல்ல ஒரு பெஞ்சும் கேரம் போர்டும்தான் இருந்துச்சு, அப்புறம் சுத்திச் சுவர், அப்புறம் இரும்பு கேட்டு. வயசான ஒருத்தர் வந்தார், வெள்ளை சட்டை, கையில மஞ்சப்பை, உள்ள போட்டோ, பட்டா நகல், ஆர்டிஐ பதில் எல்லாம் அடுக்கா வெச்சிருந்தார். பசங்களுக்கு இடம் வேணும்மான்னு கண்ணு கலங்கிப் பேசினார், எனக்கு மனசு உருகிடுச்சு, ஃபீஸ் வாங்காமலே போட்டேன். மூணாவது ஹியரிங்ல எதிர்த்தரப்பு கவுன்ட்டர், அதாவது பதில் மனு, தாக்கல் பண்ணாங்க, அதோட ஆவணக் கட்டான டைப் செட்ல கடைசிப் பக்கத்துல ஒரு போஸ்டர் போட்டோ. வேற ஒரு கட்சி மாநாட்டுப் போஸ்டர், கீழ பொடி எழுத்துல பேர் வரிசை, அதுல நாலாவதா எங்க மனுதாரர் பேர், பக்கத்துல வட்டப் பிரதிநிதி. நீதிபதி அந்தப் பக்கத்தைத் திருப்பி எனக்குக் காட்டி, உங்க மனுதாரர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமான்னு மெதுவாத்தான் கேட்டார். எனக்குத் தெரியல, நான் அவர்கிட்ட கேட்கவே இல்ல. காஸ்ட், அதாவது செலவுத் தொகை, கட்டச் சொல்லித் தள்ளுபடி. அந்த டைப் செட் செலவையே அவரோட கட்சிதான் குடுத்துச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஆக்கிரமிப்பு உண்மை, போட்டோ உண்மை, பட்டா உண்மை, ஆனா கூரை அங்கயே நின்னுடுச்சு. அதுக்கப்புறம் அந்தத் தெருக்காரங்க யாராச்சும் நியாயமா கேட்கப் போனாலும், அதான் ஏற்கெனவே ஹைகோர்ட்டுல தள்ளுபடி ஆயிடுச்சேன்னு ஆபீஸ்ல சொல்லி அனுப்பிடுவாங்க. அந்தப் பசங்களுக்கு நான் பண்ணின கெடுதல் அதுன்னு இன்னைக்கும் நினைக்கிறேன்.

அதனாலதான் நம்ம ஹைகோர்ட்டுல பிஐஎல்லுக்குன்னே 2010-லேருந்து தனி விதி இருக்கு. அஃபிடவிட்ல நீயே சத்தியம் பண்ணணும்: என் சொந்தக் காசுல போடுறேன், என் வருமானம் இவ்வளவு, எனக்கு இதுல சொந்த லாபம் எதுவும் கிடையாது, எனக்குத் தெரிஞ்சு இதே விஷயத்துக்கு வேற பிஐஎல் இல்ல, உள்நோக்கம் இருக்குன்னு தெரிஞ்சா காஸ்ட் கட்டத் தயார்னு. அந்த அணிக்காரர் காசை வாங்கிட்டு இதுல கையெழுத்துப் போட்டா அது பொய் சத்தியம், நீ ஒரு வக்கீல், உனக்கு அது ரெண்டு மடங்கு தப்பு. கேஸைக் கேட்கிறதுக்கு முன்னாடி கோர்ட்டு ஆளைத்தான் பார்க்கும், கட்சி சம்பந்தப்பட்ட பிஐஎல்னா இன்னும் உத்துப் பார்க்கும், சில சமயம் நல்லெண்ணத்தைக் காட்ட ஒரு தொகையை டெபாசிட் பண்ணுன்னு கூட சொல்லும்.

உன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கோ. நாளைக்கு அந்த அணிக்காரரோட தலைவர் பிறந்தநாள் வரும், அவங்களும் அதே ரோட்டுல அதே சவுக்குக் கம்பைத்தான் நடுவாங்க, அன்னைக்கும் நீ மனு போடுவியா? ஆமான்னா உன் மனு இப்பவே எல்லாக் கட்சிக்கும் பொருந்துற மாதிரி இருக்கணும். இலவச வாக்குறுதி கேஸ் படிச்சிருப்ப, சுப்பிரமணியம் பாலாஜி வழக்கு, 2013 ஜூலை 5 தீர்ப்பு. 2006-ல திமுக கலர் டிவின்னு சொன்னப்பவும் எதிர்த்தார், 2011-ல அதிமுக மிக்ஸி கிரைண்டர் ஃபேன்னு சொன்னப்பவும் எதிர்த்தார். கேட்டது கிடைக்கல, தேர்தல் அறிக்கையில வாக்குறுதி தர்றது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. ஆனா தேர்தல் அறிக்கைக்கு வழிகாட்டுதல் போடுன்னு தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவு போச்சு, அது 2014-ல நடத்தை விதியில சேர்ந்துச்சு. ரெண்டு பக்கமும் கேட்டவர்ங்கிறதால அவரை எந்தக் கட்சியும் அந்தப் பக்கத்து ஆளுன்னு தள்ளிட முடியல.

லில்லி தாமஸ் அம்மாவையும் நினைச்சுக்கோ. கேரளாக்காரங்க, 1955-ல நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டுலதான் வக்கீலா ஆரம்பிச்சாங்க, நீயும் நானும் ஏறுற அதே படிக்கட்டு. தண்டனை வாங்கின எம்எல்ஏ, எம்பி மூணு மாசத்துக்குள்ள அப்பீல் போட்டுட்டா பதவியில ஒட்டிக்கலாம்னு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல 8(4)-னு ஒரு பிரிவு இருந்துச்சு. அந்தம்மா எந்தத் தலைவர் பேரையும் பிடிக்கல, அந்தப் பிரிவு செல்லாதுன்னு மட்டும் 2005-ல போட்டாங்க, எட்டு வருஷம் காத்திருந்தாங்க, 2013 ஜூலை 10 அந்தப் பிரிவு போச்சு. அடுத்த வருஷம் செப்டம்பர் 27 பெங்களூர் தீர்ப்பு வந்தப்ப ஜெயலலிதாம்மா பதவி அதே நாள் போனது அதனாலதான். அப்புறம் விடுதலையாகி 2015 ஜூன்ல மறுபடி எம்எல்ஏ ஆக எங்க வந்தாங்க? உங்க ஆர்.கே. நகர் தொகுதிக்குத்தான். டெல்லியில ஒரு வயசான வக்கீலம்மா போட்ட பேப்பரோட கடைசி அலை உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்திருக்கு, உனக்குத்தான் அப்ப ஓட்டுப் போடுற வயசு ஆகியிருக்காது.

சரி, கட்சிப் பதிவை ரத்து பண்ணச் சொல்லலாமான்னு கேட்ட. அந்தப் பிரேயரை, மனுவுல கோர்ட்டுகிட்ட கேட்கிற அந்தக் கோரிக்கையை, அடிச்சுடு. கேரளாவுல பந்த் நடத்துற கட்சிகளைப் பத்தி இதே மாதிரி போய் 2002-ல சுப்ரீம் கோர்ட்டு தெளிவா சொல்லிடுச்சு, பதிவு பண்ண கட்சியை இந்த மாதிரி காரணத்துக்கு நீக்குற அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கே கிடையாதுன்னு, மோசடி பண்ணி பதிவு வாங்கினா மாதிரி ரெண்டு மூணு விதிவிலக்கு மட்டும்தான். அந்தப் பிரேயர் இருந்தா அரசு வக்கீல் எழுந்து முதல்ல அதைத்தான் படிப்பார், பெஞ்ச் சிரிக்கும், உன் அக்கா ரோட்டுல உட்கார்ந்தது காத்துல போயிடும். சின்னதா கேளு.

அடுத்தது, கட்சிங்கிறது அரசு கிடையாது, அரசியல் சட்டம் 226-ல நேரா கட்சி மேல ரிட், அதாவது ஹைகோர்ட்டு ஆணை, கேட்டு நிக்க முடியாது. ரோட்டுக்கு உடமைக்காரர் யாரு? மாநகராட்சி. கூட்டத்துக்குப் பர்மிஷன் குடுத்தது யாரு? போலீஸ். கரண்ட் யாரோடது? இபி. அவங்க செய்ய வேண்டியதைச் செய்யலங்கிறதுதான் உன் கேஸ், அதனால மாநகராட்சி கமிஷனர், தண்டையார்பேட்டை மண்டல அதிகாரி, போலீஸ் கமிஷனர், இபி இவங்கதான் ரெஸ்பான்டன்ட், எதிர்மனுதாரர். வட்டச் செயலாளர் பேரை அஃபிடவிட்ல எழுதுற பட்சத்துல அவரையும் ரெஸ்பான்டன்டா சேர்த்தாகணும், ஆளைக் கூப்பிடாம ஆள் மேல குத்தம் சொல்லக் கூடாது. பேரே எழுதாம இந்தத் தேதி, இந்தத் தெரு, இந்த நிகழ்ச்சின்னு மட்டும் எழுதினா உன் கேஸ் ஒண்ணும் குறையாது, உங்கப்பாவோட பாதிக் கவலையும் அதுலயே போயிடும்.

2025 ஜனவரியில மதுரை பெஞ்ச்ல நடந்ததைப் பார்த்திருப்ப. ஒரு கட்சிக்காரர் எங்க ஏரியாவுல கொடிக்கம்பம் நட அனுமதி வேணும்னு போனார், பொது இடத்துல கட்சிக் கொடிக்கம்பமே எதுக்குன்னு கேட்டு தமிழ்நாடு முழுக்க எல்லாக் கட்சிக் கம்பத்தையும் பன்னெண்டு வாரத்துல எடுங்கன்னு உத்தரவு வந்துச்சு, கட்சிகள் எல்லாம் அப்பீலுக்கு ஓடினாங்க. போட்ட ஆளுக்கு நல்லதோ கெட்டதோ, ரிட்டுங்கிறது போட்ட ஆள் நினைச்ச இடத்துல நிக்காது. அதனால ஒவ்வொரு வரியையும் யோசிச்சு எழுது.

இதை நான் சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. டிராஃபிக் ராமசாமி ஐயா பேனர் கேஸ்னால உனக்குத் தெய்வம் மாதிரி தெரியும், எனக்கும் மரியாதை உண்டு. அவர் வக்கீலே கிடையாது, தானே எழுந்து நின்னு வாதாடினவர், அடி வாங்கியிருக்கார், 81 வயசுல உங்க ஆர்.கே. நகர்லயே முதலமைச்சரை எதிர்த்து நின்னார், 2021 மே 4 இறந்தார். ஆனா காசிமேட்டுல அவர் பேரைச் சொல்லிப் பாரு. மோட்டார் வெச்ச மீன்பாடி வண்டிக்குத் தடை வாங்கினதும் அவர்தான். ஆபத்தான வண்டிங்கிறது வாஸ்தவம்தான், ஆனா அந்த வண்டியை நம்பி கஞ்சி குடிச்ச குடும்பம் எத்தனைன்னு உங்கப்பாகிட்ட கேளு, அவர் சொல்வார். உன் மனுவுல ஒரு வரி தப்பா விழுந்து, நாளைக்கு ரோட்டோரத்துல சுறா புட்டு விக்கிற அம்மாவையும் இட்லிக் கடையையும் கார்ப்பரேஷன் லாரி வந்து தூக்கிட்டுப் போச்சுன்னா என்ன பண்ணுவ? பிரேயர்ல "ஆக்கிரமிப்புகளை அகற்ற"ன்னு பொதுவா எழுதாத. கட்சி, அமைப்பு நிகழ்ச்சிக்காக ரோட்டை முழுசா அடைக்கிற மேடை, லைசென்ஸ் இல்லாத பேனர், ரோட்டுல தோண்டுற குழி, அவ்வளவுதான்.

பேனர் சட்டம் உனக்குத் தெரியும், 2023 நகர்ப்புற உள்ளாட்சி விதிப்படி லைசென்ஸ் இல்லாம வைக்க முடியாது. அதுக்கு முன்னாடியே 2018 டிசம்பர்ல டிராஃபிக் ராமசாமி வழக்குலதான் பேனரே கூடாதுன்னு ஹைகோர்ட்டு இடைக்காலத் தடை போட்டுச்சு. அடுத்த வருஷம் 2019 செப்டம்பர் 12 பள்ளிக்கரணையில ஸ்கூட்டர்ல போன 23 வயசுப் பொண்ணு மேல அன்னைய ஆளுங்கட்சிக்காரர் வீட்டுக் கல்யாண பேனர் விழுந்து, பின்னாடி வந்த தண்ணி லாரி ஏறிடுச்சு. தடை இருக்கும்போதே நடந்துச்சு தங்கச்சி. அதுக்கப்புறம்தான் கட்சிகள் பேனர் வைக்காதீங்கன்னு தொண்டர்களுக்கு அறிக்கை விட்டாங்க, திமுக கோர்ட்டுலயே உறுதிமொழி குடுத்துச்சு. அதனால உன் கேஸுக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்ல, இருக்குறதை அமல்படுத்துங்கன்னுதான் நீ கேட்கப் போற. அந்த ஆர்டர் எல்லாம் இன்னைய தேதிக்கு எந்த நிலையில இருக்குன்னு ஒவ்வொண்ணா கேஸ் ஸ்டேட்டஸ் பார்த்துட்டு மேற்கோள் காட்டு, மாறிப்போன ஆர்டரைக் காட்டி மாட்டிக்காத.

இப்ப வேலை. நேரா மனு டைப் பண்ண தம்பு செட்டி தெருவுக்கு ஓடாத. முதல்ல ரெப்ரசென்டேஷன், அதிகாரிகளுக்குக் கோரிக்கை மனு. கமிஷனர், மண்டல அதிகாரி, போலீஸ், இபி எல்லாருக்கும் தனித்தனியா ஸ்பீட் போஸ்ட், போய்ச் சேர்ந்ததுக்கு அத்தாட்சியோட. அதே நாள் ஆர்டிஐ, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி: அந்தத் தேதியில அந்தத் தெருவுல மேடைக்கும் பேனருக்கும் யார் அனுமதி குடுத்தா, எவ்வளவு கட்டணம் கட்டினாங்க, ரோட்டைத் தோண்டுனதுக்கு எவ்வளவு வசூலிச்சீங்க, தற்காலிக மின் இணைப்பு யார் பேர்ல. முப்பது நாள் பொறு. பதில் வந்தா அது உன் ஆதாரம், வரலைன்னா அதுவும் ஆதாரம்தான். கேட்டும் செய்யலன்னு காட்டாம, கடமையைச் செய்யச் சொல்ற மாண்டமஸ் ஆணை கேட்டா முதல் நாளே, போய் மனு குடுத்துட்டு வாங்கன்னு அனுப்பிடுவாங்க. குடுத்த பிறகும் பெரும்பாலும் என்ன வரும் தெரியுமா, மனுவைப் பன்னெண்டு வாரத்துல பரிசீலிச்சு முடிவெடுங்கன்னு ஒரு ஆர்டர். மனசு விட்டுடாத, அந்த ஆர்டர் கையில இருந்தா அடுத்த கூட்டத்துக்குப் பர்மிஷன் குடுக்குற இன்ஸ்பெக்டர் பேனாவை எடுக்குறதுக்கு முன்னாடி யோசிப்பார், அவங்க ஆர்டரை மதிக்கலைன்னா ஒரு வருஷத்துக்குள்ள கன்டெம்ட், கோர்ட்டு அவமதிப்பு மனு, போடு, அந்த ஒரு வருஷக் கெடுவை மட்டும் காலண்டர்ல குறிச்சு வெச்சுக்கோ.

யார் மனுதாரர்? பிரசவமான அக்காவை இழுக்காத, பச்சை உடம்பு, அவங்களே முன்வந்தா ஒரு அஃபிடவிட் வாங்கிக்கோ போதும். நீ போடு. ஆனா நீயே மனுதாரர், நீயே சாட்சி, நீயே கவுன் மாட்டி வாதாடுறதுங்கிறது பார் கவுன்சில் விதிக்கே ஒத்து வராது. ஒண்ணு வக்கீல் கவுனும் கழுத்துப்பட்டையும் இல்லாம பார்ட்டி இன் பர்சனா, உனக்கு நீயே பேசுற மனுதாரரா, நில்லு, இல்ல எந்தக் கட்சி அணியிலயும் இல்லாத ஒரு சீனியரைக் கேளு. எங்க செட்டுல இருக்காங்க, உனக்காகச் சும்மா வருவாங்க. கூடவே பார் கவுன்சில் விதி 36-ஐ ஒரு தடவை எடுத்துப் படி. நம்ம நடத்துற கேஸைப் பத்தி பேப்பர்ல போட்டோ போட்டுக்கிறதும், செய்தி வர வைக்கிறதும் கூடாது. ஹைகோர்ட்டு ஆவின் கேட்டாண்ட டிவிக்காரங்க மைக்கை நீட்டிட்டு நிப்பாங்க, கும்பிட்டுட்டு நடந்துடு. கட்சிங்களை எதிர்த்து மனு போட்ட எத்தனையோ பேர் அந்த மைக்குல பேச ஆரம்பிச்ச நாள்லேருந்து கேஸ் கட்டைத் திறக்கிறதை நிறுத்திட்டாங்க, நான் கண்ணால பார்த்திருக்கேன்.

பிராக்டிஸ் போயிடுமான்னு கேட்ட. கொஞ்சம் அடி விழும், இல்லைன்னு சொன்னா பொய். ஏரியாவுல ஜாமீன் கேஸ், வாடகை கேஸ் கட்சிக்காரங்க மூலமாத்தான் வருது, ஒரு ஆறு மாசம் அது நிக்கும். உன் சீனியர் பயப்படுறதுல தப்பில்ல, அவருக்கும் ஆபீஸ் வாடகை இருக்கு, அவர் பேரை வக்காலத்துல போடாத. ஆனா கட்சிக்காரன் வீட்டுலயும் சொத்துத் தகராறு வரும், அன்னைக்கு அவன் தேடுறது விலை போகாத வக்கீலைத்தான். எனக்கு இப்ப இருக்குற கிளையன்ட்டுல ரெண்டு பேர் நான் எதிர்த்து கேஸ் போட்ட கட்சியோட ஆளுங்கதான்.

கடைசியா அந்த வட்டச் செயலாளர். உன் லெட்டர்ல நான் ரெண்டு தடவை படிச்சது அந்த வரியைத்தான். 2023 டிசம்பர்ல கொருக்குப்பேட்டையில தண்ணி எப்படி நின்னுச்சுன்னு எனக்குத் தெரியும், எங்க அம்மா வீடு தண்டையார்பேட்டை. அரசாங்கப் படகு வர்றதுக்கு முன்னாடி இந்த மாதிரி ஆளுங்கதான் இறங்கினாங்க. அந்த உதவி நிஜம், அதை மறக்கச் சொல்ல மாட்டேன். அதுக்காக ஒரு பிள்ளைத்தாச்சி ரோட்டுல உட்கார்ந்ததை விழுங்கவும் சொல்ல மாட்டேன். ரெப்ரசென்டேஷன் தபால்ல போடுற அன்னைக்கு, அப்பாவைக் கூட்டிட்டு அவர் வீட்டுக்கே போ, ராத்திரி வேணாம், காலைல. ஒரு நகலை அவர் கையில குடு. அண்ணே, உங்க மேல கேஸ் இல்ல, ரோட்டை அடைக்கிறது மேலதான், எந்தக் கட்சி அடைச்சாலும் இதையே போடுவேன், ஆயாவைத் தூக்கினதை எங்க வீடு மறக்கலன்னு நேரா சொல்லு. கோவப்படலாம், கத்தலாம், ஆனா மத்தவங்க வாய் வழியா கேட்டா வர்ற கோவம் வேற. மிரட்டுற மாதிரி ஒரு வார்த்தை வந்துச்சுன்னா மட்டும் அன்னைக்கே ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து சிஎஸ்ஆர், புகார் ரசீது, வாங்கிடு, யோசிக்காத.

அதுக்கெல்லாம் முன்னாடி நாளைக்குக் காலைல ஒரு வேலை. அந்த சவுக்குக் கம்பு நட்ட குழிங்க இன்னும் இருக்கும். ஒவ்வொரு குழிக்கும் பக்கத்துல ஸ்கேல் வெச்சு, தேதியும் இடமும் விழுற கேமரா ஆப்ல போட்டோ எடு, பக்கத்துல தெருப் பேர் போர்டு தெரியணும், போனை மாத்தாத, ஒரிஜினல் அதுலயே இருக்கட்டும். உன் ரெப்ரசென்டேஷன் மண்டல ஆபீஸ்ல விழுந்த மறுநாள் ஒரு தார் வண்டி வந்து எல்லாத்தையும் மூடிட்டுப் போயிடும்.